ஜன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

கண்ணு,

நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். டேப்பை இழுத்து ஒட்டுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன கிறுக்கா என்று நினைப்பாய். கிறுக்கு என்றே வைத்துக்கொள். நேரில் சொல்லத்தான் தீபாவளி முடிந்ததிலிருந்து பார்க்கிறேன். முந்தாநாள் நீ காப்பி குடிக்கும்போது "கண்ணு, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். போனைப் பார்த்துக்கொண்டே "சொல்லும்மா" என்றாய். நான் "நெய் எத்தனை பாட்டில் வெக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நேற்று மறுபடியும் ஆரம்பித்தேன், மறுபடியும் நெய்க்குப் போய்விட்டேன். ஊத்துக்குளி நெய் நாலு பாட்டில் உன் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உன் அம்மாவின் கோழைத்தனம்தான். இன்னும் இரண்டு நாள் விட்டால் ஏழு பாட்டில் ஆகிவிடும், நீயும் புது வேலைக்கு நொய்டா போய்ச் சேர்ந்திருப்பாய். அதனால் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் "அம்மா, விடு" என்று சொல்ல நான் எதிரே இருக்க மாட்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போனோமே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். துணி எடுத்தாயிற்று, பட்டாசு வாங்கியாயிற்று, பாப்பாவுக்கு வளையல் மட்டும் பாக்கி என்று அந்தச் சந்துக்குள் நுழைந்தோம். போனஸ் போட்ட வாரம், திருப்பூரே அந்தச் சந்துக்குள்தான் இருந்தது. பிரியாவின் கையை உதறிக்கொண்டு பாப்பா ஓடினாள், ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். நாம் மூன்று பேரும் நாலடி பின்னால் கூட்டத்தில் சிக்கி நின்றோம். நமக்கு முன்னால் ஒரு பெண் அவளைத் தூக்கிவிட்டாள். வடக்கத்திப் பெண், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், கழுத்தில் ஏதோ பனியன் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. வளையல் கடைப் படியில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி முட்டியைக் கழுவி, துப்பட்டா நுனியால் துடைத்து, ஊதிவிட்டாள். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவள் வளையலை எண்ண ஆரம்பித்துவிட்டாள். நீ அப்போதுதான் பார்த்தாய். கையிலிருந்த பைகளை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து பாப்பாவைப் பிடுங்கினாய். "யாரு நீ? கைய எடு! பிள்ளையத் தொடற வேலை வெச்சுக்காதே!" என்று கத்தினாய். அப்புறம் இந்தியிலும் ஏதோ கத்தினாய். சந்தே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். கையில் ஒன்றுமில்லை என்று காட்டுகிற மாதிரி. உனக்குத் தெரியாது, அந்தக் கையை நான் முன்னாலேயே ஒருதரம் பார்த்திருக்கிறேன்.

காரில் வரும்போது பிரியா மெதுவாகச் சொன்னாள், "அந்தப் பொண்ணு பாவம்ங்க." நீ ஸ்டியரிங்கைத் தட்டினாய். "உனக்கென்ன தெரியும்? ரெண்டு வயசுல என்னையவே ஒருத்தி பஸ்ல தூக்கிட்டுப் போயிட்டா. எங்கம்மா மட்டும் தொரத்திட்டுப் போகலீன்னா நான் இன்னைக்கு எந்த ஊர்ல பிச்சை எடுத்துட்டு இருப்பனோ. வேணும்னா அம்மாவக் கேளு." பிரியா பின்சீட்டுக்குத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "ஆமாங் கண்ணு." பாப்பா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷமாகச் சொன்ன பொய்யை அவள் தலைக்கு மேலேயும் ஒருதரம் சொன்னேன்.

அந்தக் கதை நம் வீட்டில் எப்படிப் புழங்கியது என்று உனக்கே தெரியும். உங்கப்பா அதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. "எம்பட ஊட்டுக்காரி லேசுப்பட்டவளா? பிள்ளை புடிக்கறவளையே மொபெட்ல தொரத்திப் புடிச்சவ" என்று ஆரம்பித்தால் பந்தி முடிகிறவரைக்கும் விடமாட்டார். வருஷத்துக்கு வருஷம் அந்தப் பொம்பளை உயரமாகிக்கொண்டே போனாள், கடைசியில் கையில் கத்திகூட வந்துவிட்டது. நான் பரிமாறிக்கொண்டே சிரிப்பேன். நீ அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பாட்டில் காலியாகிவிட்டால் பக்கத்துப் பையனிடம் வாங்கிக் குடிக்காமல் நாக்கு வறண்டு வீட்டுக்கு வருவாய். காலேஜ் படிக்கும்போது ரயிலில் ஒரு பெரியவர் "இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்க தம்பி" என்றதற்கு முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, அதைப் பெருமையாக எங்களிடம் சொன்னாய். உங்கப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெங்காயம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்போது உனக்கு இரண்டு வயசு முடிந்து இரண்டு மாசம். நம் பனியன் யூனிட் அப்போது ஆறு மிஷினோடு தகரக் கொட்டகையில் ஓடியது, தைத்த பீஸில் குறை பார்த்து ஒதுக்குகிற செக்கிங் நான்தான் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய சரக்கு பாக்கி இருந்ததால் உங்கப்பாவால் நகர முடியவில்லை. "நீ பையனைக் கூட்டிட்டு முன்னால போ, நான் தீபாவளி நோம்பி அன்னிக்குக் காலைல வந்தர்றேன்" என்றார். தாராபுரத்தில்தான் என் பிறந்த வீடு, உன் அப்புச்சி அம்மாயி ஊடு. போகிற வழியில் அப்புச்சிக்கு வேட்டி, அம்மாயிக்குச் சேலை, இனிப்பு, உனக்குக் கம்பி மத்தாப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு மத்தியானம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இடுப்பில் நீ, இரண்டு கையிலும் பை. உள்ளே போனதும்தான் தெரிந்தது, தெற்கத்திச் சனம் மொத்தமும் ஊருக்குக் கிளம்பி நிற்கிறது. தாராபுரம் பஸ் வந்தபாடில்லை. மதுரை பஸ்கள்தான் ஒன்று மாற்றி ஒன்று வந்தன. தாராபுரம் வழியாகத்தான் போகும், ஆனால் ஏற்றமாட்டார்கள். நடுவழியில் இறங்குகிறவர்களை ஏற்றினால் அந்த சீட்டு மதுரை வரைக்கும் காலியாகப் போகுமே. கண்டக்டர் படியில் நின்றுகொண்டு "தாராபுரம் ஏறாதீங்க! திண்டுக்கல், மதுரை மட்டும் ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இரண்டு மணி நேரம் நின்றேன். தூறல் வேறு. நீ அழுது அழுது என் தோளையெல்லாம் சளியாக்கிவிட்டாய். அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. கூட்டத்தில் ஏற முடியாதவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசல் வழியாக முண்டியடித்து ஏறுவதும் நம் ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். நான் செய்தது அதுவல்ல. பிள்ளை உள்ளே போய்விட்டால், தாராபுரம் டிக்கெட்டாக இருந்தாலும் கண்டக்டர் என்னை ஏற்றித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பெற்ற பிள்ளையைத் துண்டாகப் போட்டேன். இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

மதுரை பஸ் ஒன்று வந்து நின்றது. நாலாவது ஜன்னலில் முந்தி ஏறி இடம் பிடித்த ஒரு பெண். மெலிசாக, கறுப்பாக, நூல் சேலை கட்டியிருந்தாள். காதில் தோடு இல்லை, ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். நான் உன்னைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவள் இரண்டு கையையும் வெளியே நீட்டிவிட்டாள். "குடுங்கக்கா, நான் வச்சுக்கிடுதேன், நீங்க மெதுவா ஏறி வாங்க." கொடுத்தேன். பைகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். கண்டக்டர் கையைக் குறுக்கே வைத்தார். "எந்த ஊரு?" மதுரை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். பதற்றத்தில் வாய் தாராபுரம் என்று உண்மையைச் சொல்லிவிட்டது. அன்றைக்கு முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அது. "ஏறாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று விசில் அடித்தார். பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி ஆளும் படியில் தொங்கிக்கொள்ள பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவள் எழுந்து நின்று, உன்னைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். பஸ் போய்விட்டது.

நான் நடு ரோட்டில் பைகளைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். சனம் சுற்றிக்கொண்டது. ஒருத்தர் டி.வி.எஸ் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். நடு வயசு, குடியானவர், நோம்பிக்கு வாங்கிய இரண்டு சேவல்கள் வண்டியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கின. "ஏனுங் அம்மிணி, என்னாச்சுங்க?" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானேதான் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தத் தாய் சொல்வாள்? "எம்பட பையனைப் புடுங்கிட்டு பஸ்ல ஏறிட்டாளுங்க ஒருத்தி" என்றேன். அந்த மனுஷர் அதை அப்படியே நம்பிவிட்டார். சேவல்களை அவிழ்த்து ஓரத்தில் இருந்த பூக்காரம்மாவிடம் கொடுத்து, என் பைகளையும் அவளிடமே ஒப்படைத்து, "ஏறுங்க அம்மிணி, புடிச்சரலாம்" என்றார். அந்த ஓட்டை வண்டி என்ன வேகம் போகுமோ அத்தனை வேகத்தில் தாராபுரம் ரோட்டில் விட்டார். தூறல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு "அவ மட்டும் கைல கெடைக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்காக அவ்வளவு கோபப்பட்ட மனுஷனிடம் உண்மையைச் சொல்ல எத்தனை மைல் இருந்தது தெரியுமா? ஒவ்வொரு மைல் கல்லையும் பார்த்தேன். நேரம் ஆக ஆக என் பொய்யை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன், அதுதான் அதிசயம். அவள் முன்னாலேயே கையை நீட்டினாளே, எதற்கு நீட்டினாள் என்று தோன்ற ஆரம்பித்தது.

கொடுவாயில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், டீக்கடைக்கு வெளியே, ரோட்டோரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் நீ. உன் தலைமேல் அவள் முந்தானை. முதலில் எனக்கு நீ என்றே தெரியவில்லை. நான் போட்டுவிட்ட நீலச் சட்டை இல்லை. புத்தம்புது மஞ்சள் சட்டை போட்டிருந்தாய், கை இரண்டும் மடித்துவிட்டிருந்தது, நீளம் முழங்காலைத் தொட்டது. நான் வைத்துவிட்ட கன்னத்துப் பொட்டும் அழிந்திருந்தது. சட்டையை மாற்றி, பொட்டை அழித்து, அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டாள் என்று எனக்குள் பற்றிக்கொண்டது. "அவதானுங்க!" என்று அலறினேன். வண்டி நிற்பதற்குள் குதித்தேன். உன்னைப் பிடுங்கிக்கொண்டு, ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தேன். அந்தச் சேவல்காரர் அவள் கையை முறுக்கிப் பிடித்தார். "பிள்ளை புடிக்கறவ" என்று ஒரு குரல் போதாதா? பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் ஓடி வந்தது. யாரோ முடியைப் பிடித்தார்கள், யாரோ முதுகில் குத்தினார்கள். பண்டிகைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள்தான், எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். அவள் அடியைத் தடுக்கக்கூட இல்லை. எப்படியோ ஒரு கையை விடுவித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக்கொண்டு, என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள். "நீங்கதானக்கா குடுத்தீங்க? ஜன்னல் வழியா நீங்கதானக்கா குடுத்தீங்க? சொல்லுங்கக்கா."

ஒரு நொடி எல்லாரும் அடங்கிவிட்டார்கள். எல்லார் கண்ணும் என்மேல். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். நான் உன்னை மாரோடு அணைத்துக்கொண்டு உன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் விழுந்த ஒவ்வொரு அடியும் நான் அடித்தது. அறைந்ததைக்கூட ஆத்திரம், தாய்ப்பாசம், பதற்றம் என்று ஏதாவது பேர் சொல்லி என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அப்போது சும்மா இருந்ததற்கு என்னால் இன்றைக்கு வரைக்கும் ஒரு பேர் வைக்க முடியவில்லை.

டீக்கடைக்கார அம்மாதான் ஓடி வந்தார். கையில் உன் நீலச் சட்டை, பாதி காய்ந்து ஆவி பறந்தது. "அட பாவிகளா, விடுங்க அந்தப் புள்ளைய! அரை மணி நேரமா இங்கயேதான் நிக்குது. பையன் பஸ்ல வாந்தி எடுத்துட்டானாம், கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு பஸ்ஸை இங்க நிறுத்தி எறங்கிருக்குது. அழுக்குச் சட்டைய அலசி எங்க அடுப்புப் பக்கத்துல போட்டுது. உள்ள வந்து உக்காருன்னு எத்தன தடவ கூப்பிட்டேன். அவங்கம்மா இந்த வழியாத்தான் வருவாங்க, உள்ள உக்காந்தா தெரியாம போயிருவாங்கன்னு நனைஞ்சுட்டே நின்னுதுங்க" என்றார். கைகள் ஒவ்வொன்றாக விலகின. ஒருத்தர் "செரி செரி, நல்ல நாள்ல எதுக்கு" என்று முனகிக்கொண்டே நகர்ந்தார். சேவல்காரர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நல்லது செய்யக் கிளம்பிய மனுஷனின் கையை நான் அப்படி ஆக்கி அனுப்பினேன்.

அவள் கீழே கிடந்த தன் பையை எடுத்தாள். வாயோரத்தில் ரத்தம். நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாமல் உன் மஞ்சள் சட்டையைக் கழற்றப் போனேன், திருப்பிக் கொடுப்பதற்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதீங்கக்கா. அந்தச் சட்ட இன்னும் ஈரம். சின்னப் பிள்ள, குளுரும்லா." அதைத்தான் சொன்னாள். கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருஷத்தில் நான் அதை மறந்துகூடப் போயிருப்பேன். அப்போது ஒரு பஸ் வந்தது, படியில் தொங்கிக்கொண்டு போய்விட்டாள். எத்தனை நேரம் காத்துக்கிடந்து பிடித்தாளோ, அந்த ஜன்னல் சீட்டை உனக்காக விட்டுவிட்டு இறங்கியவள். நீ அவள் போன பக்கமாகக் கையை நீட்டி அழுதாய். உன் பேரைச் சொல்லி அவள் கொஞ்சியிருக்கிறாளா, அந்த அரை மணி நேரம் உன்னிடம் என்னவெல்லாம் பேசினாள், எதுவும் எனக்குத் தெரியாது. அவள் பேரை நான் கேட்கவில்லை.

பைகள் இல்லாமல் பின்னால் வந்த ஒரு பஸ்ஸைப் பிடித்துத் தாராபுரத்தில் இறங்கியதும் உன் அம்மாயி கேட்டது, "இது யாரு சட்டை?" என்றுதான். அந்தச் சட்டைக்குக் காரணம் சொல்லத்தான் பிள்ளை பிடிக்கிறவள் பிறந்தாள். மறுநாள் உங்கப்பா வருவதற்குள் அவள் நன்றாக வளர்ந்துவிட்டாள். ராத்திரிக்கு நீ தூங்கின பிறகு அந்தச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். நான் செக்கிங்காரி. ஒரு பீஸை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்க்காமல் ஒதுக்கினவளே இல்லை, அன்றைக்கு மட்டும் ஒரு மனுஷியைத் திருப்பிப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டேன். சட்டை அஞ்சு வயசுப் பையனுக்கான அளவு. காலரில் கடைச் சீட்டு அப்படியே இருந்தது. அவளுக்கு ஊரில் ஒரு பையன். ஆறு மாசமோ ஒரு வருஷமோ பார்க்காமல், எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கையால் அளந்து பார்த்து வாங்கியிருக்கிறாள். அந்தத் தீபாவளிக்கு அவன் வாசலில் நின்று அம்மாவின் பையைத்தான் பார்த்திருப்பான். நீ தாராபுரத்தில் அப்புச்சி வாங்கிக்கொடுத்த மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவன்தான் தெரிந்தான். இப்போதும் உன் பிறந்தநாளுக்கு உனக்குச் சட்டை எடுக்கும்போது, முப்பத்திரண்டு வயசில் ஒருத்தன் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரியே இருக்கும்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் பூ வாங்கப் போகிறேன் என்று கிளம்பி மூன்று மணி நேரம் கழித்து வருவேனே, "அம்மா பூவைச் செடி நட்டுப் பறிச்சிட்டு வர்றாங்க" என்று அப்பனும் மகனும் கிண்டல் பண்ணுவீர்களே, நான் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன். முன்னால் பழைய பஸ் ஸ்டாண்ட், இப்போது கோவில்வழியில் இருக்கிற புது ஸ்டாண்ட். மதுரை பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். யாருடைய பையையாவது பார்த்துக்கொள்வேன். தண்ணீர் பிடித்து ஜன்னலில் நீட்டுவேன். ஏறத் திணறுகிறவர்களின் பிள்ளையை வாங்கி உள்ளே கொடுப்பேன், ஆனால் அம்மாக்காரி ஏறி உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் படியை விட்டு நகரமாட்டேன், கண்டக்டர் திட்டினாலும் சரி. புண்ணியம் தேடி அல்ல. ஒவ்வொரு நாலாவது ஜன்னலாகப் பார்ப்பதற்கு. முதல் சில வருஷம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். இப்போது அவள் முகம் எனக்கு மறந்துவிட்டது கண்ணு. அதைச் சொல்லும்போதே பயமாக இருக்கிறது. காதில் ஈர்க்குச்சி இருக்கிறது, கை இருக்கிறது, வாயோரத்து ரத்தம் இருக்கிறது, நடுவில் முகம் இல்லை. அதனால் யார் முகத்தைப் பார்த்தாலும் அதில் அவளைத் தேடுகிறேன். போன வருஷம் ஜன்னலில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்து "என்னங்கம்மா, யாரத் தேடுறீங்க?" என்று கேட்டாள். தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தில் அந்த வடக்கத்திப் பெண் உள்ளங்கையை விரித்தபோது, என் குரல் உன் தொண்டையிலிருந்து வந்தது. உனக்கு அதை ஊட்டி வளர்த்தது நான். அதனால் மறுநாள் நீ ஆபீஸ் போனதும் அந்த வளையல் கடைக்குப் போனேன். கடைக்காரம்மாவுக்கு அவளைத் தெரிந்திருந்தது, பின்னால் இரண்டு வீதி தள்ளி இருக்கிற லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிற பெண் என்றார். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோயிருந்தேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு ஓரடி பின்னால் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "மன்னிச்சுக்க கண்ணு" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வர இருபத்தேழு வருஷம் ஆயிற்று, வந்தது வேறொருத்திக்கு. நான் நிறுத்தாமல் அழுததைப் பார்த்து அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தன் முட்டியைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள், "பாப்பா, இங்க, சரி ஆச்சா?" எனக்கு அந்தத் தூறலில் கேட்ட குரலே திரும்பி வந்தது போல் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்லத் தகுதியான ஆள் நான் இல்லை, அதனால் இரண்டே விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நொய்டாவில் நீதான் வெளியூர்க்காரன், பிரியாவுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. பஸ்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ கூட்டத்திலோ யாராவது ஒருத்தி பாப்பாவுக்காகக் கையை நீட்டுவாள். எச்சரிக்கையாக இருக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே நில், கண்ணை எடுக்காதே. ஆனால் என் கதையை வைத்து அந்தக் கையைத் தட்டிவிடாதே, ஏனென்றால் அப்படி ஒரு கதையே கிடையாது. உன்னை யாரும் திருடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி உன்னை அரை மணி நேரம் தலையில் தூறல் படாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான் நடந்தது. அப்பாவிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அடுத்த கல்யாணத்தில் பந்தியில் அவர் என்ன பேசுவார் என்று தெரியவில்லை, பாவம்.

இன்னொன்று. இந்தக் கவரோடு மஞ்சள் சட்டை இருக்கிறது. பீரோவுக்கு அடியில் இருந்ததால் மடிப்பில் கறுத்திருக்கும், துவைக்காதே. அது உன் சட்டை இல்லை, அந்தப் பையனுடையது. நீ அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள். அப்புறம் கீழே வா. வளையல் கடைக்குப் பின்னால் இரண்டாவது வீதி, பச்சை கேட் போட்ட ஹாஸ்டல். அவள் ஒடிசாக்காரி, இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. நான் கேட்டுவிட்டேன், பேர் மமதா. ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவாள். உனக்கு நாளைக்கு ஒரு சாயங்காலம் இருக்கிறது. எனக்குக் கிடைக்காத பேரும் கிடைக்காத முகமும் உனக்குக் கிடைத்திருக்கிறது. உனக்காக நான் மன்னிப்புக் கேட்டது செல்லாது, நீதான் போக வேண்டும். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போ. அங்கே போய் என்ன பேசுவது, எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல் நின்றாயானால், ஒன்றும் பேச வேண்டாம், பாப்பாவை அவள் பக்கமாக நீட்டு.

அவள் வாங்கிக்கொள்வாள்.

உன்
அம்மா